முதல் ஆர்டரிலிருந்து பங்குச்சந்தை வரை: இணையவழி புத்தொழில் நிறுவனங்கள் யாருடைய பணத்தில் வளர்கின்றன?

புதுதில்லி: கடந்த 2007-ஆம் ஆண்டு அக்டோபரில், தில்லி ஐஐடி-யின் முன்னாள் மாணவர்களான இரு இளம் பொறியாளர்கள், தங்கள் சேமிப்பிலிருந்து எடுத்த சில லட்சம் ரூபாயைக் கொண்டு பெங்களூருவில் இணையவழிப் புத்தக விற்பனையைத் தொடங்கினர். சச்சின் பன்சல், பின்னி பன்சல் ஆகியோர் தொடங்கிய அந்த ஃபிளிப்கார்ட் நிறுவனத்தின் 77 சதவீதப் பங்குகளை, அடுத்த பதினோரு ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் 1,600 கோடி டாலருக்கு வாங்கியது.

அதே பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு 2011-இல் உருவான பைஜூஸ் நிறுவனத்தின் மதிப்பு, 2022-இல் 2,200 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் நிலுவைக்காக அந்நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கப்பட்டது.

ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே காலகட்டம், ஒரே வகையான முதலீட்டாளர்கள். ஆயினும், ஒரு நிறுவனம் நாட்டின் வணிக முறையையே மாற்றியது. மற்றொன்று ஊழியர்களுக்கு ஊதியம் வழங்க இயலாத நிலைக்குத் தள்ளப்பட்டது. இணையவழித் தொழில் எவ்வாறு கட்டமைக்கப்படுகிறது, அதன் வளர்ச்சிக்கான விலையை இறுதியில் யார் செலுத்துகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, இவ்விரு நிறுவனங்களுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை ஆராய்வது அவசியமாகிறது.

முதல் வாடிக்கையாளரைத் தேடி

இணையவழி நிறுவனம் என்றாலே கணினியின் முன் அமர்ந்து நடத்தப்படும் தொழில் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், இந்தியாவில் வெற்றி பெற்ற பெரும்பாலான நிறுவனங்களின் தொடக்க நாள்கள் தெருவில்தான் கழிந்துள்ளன.

ஃபிளிப்கார்ட் நிறுவனர்கள் பெங்களூருவில் புத்தகக் கடைகளின் வாசலில் நின்று, வெளியே வரும் வாசகர்களிடம் தங்கள் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட புத்தகக் குறியட்டைகளை விநியோகித்தனர். அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகரிலிருந்து முதல் ஆர்டர் வந்தபோது, அந்தப் புத்தகம் அவர்களிடம் கையிருப்பில் இல்லை. நகரின் கடைகளில் தேடியலைந்து வாங்கித்தான் அதை அனுப்பி வைத்தனர்.

பேருந்துப் பயணச்சீட்டு விற்பனையில் ஈடுபட்டுள்ள ரெட்பஸ் நிறுவனம் தோன்றிய விதமும் இத்தகையதே. தீபாவளிக்கு ஊர் செல்லப் பயணச்சீட்டு கிடைக்காத அனுபவமே, பணீந்திர சாமா தம் நண்பர்களுடன் 2006-இல் அந்நிறுவனத்தைத் தொடங்கக் காரணமாக அமைந்தது. பேருந்து உரிமையாளர்களுக்கான மென்பொருளை உருவாக்கி அளிப்பதே அவர்களது முதல் திட்டம். ஆனால் உரிமையாளர்கள் அதில் ஆர்வம் காட்டவில்லை. எனவே, மென்பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு, சில இருக்கைகளை மட்டும் பெற்று, அவற்றைத் தாங்களே விற்றுக் காட்டினர். மென்பொருளால் கிடைக்காத நம்பிக்கை, விற்ற பயணச்சீட்டுகளால் கிடைத்தது.

அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் உணவகங்களின் விலைப்பட்டியலைப் பார்க்க ஊழியர்கள் காத்திருப்பதைக் கவனித்த தீபிந்தர் கோயல், அப்பட்டியல்களைப் படமெடுத்து இணையத்தில் பதிவேற்றினார். பங்கஜ் சத்தாவுடன் இணைந்து 2008-இல் அவர் தொடங்கிய அந்தச் சேவைதான் 2010-இல் ஸொமாட்டோ என்ற பெயரைப் பெற்றது. அதற்கும் முன்னதாக, 1997-இல் சஞ்சீவ் பிக்சந்தானி தொடங்கிய நௌக்ரி டாட் காம் இணையதளம், நாளிதழ்களில் வெளியான வேலைவாய்ப்பு விளம்பரங்களைத் திரட்டி ஒரே இடத்தில் வழங்கியது.

இந்த நான்கு நிகழ்வுகளிலும் ஒரு பொதுத்தன்மை உள்ளது. எவரும் புதிய தேவையை உருவாக்கவில்லை. மக்கள் ஏற்கெனவே அலைந்து கொண்டிருந்த ஓரிடத்தைக் கண்டறிந்து, அந்த அலைச்சலைத் தாங்கள் ஏற்றுக்கொண்டனர். தொழில்நுட்பம் அதன் பின்னரே வந்தது.

நம்பிக்கை என்னும் முதல் தடை

வாடிக்கையாளரைக் கண்டறிந்த பின்னர், இந்திய நிறுவனர்கள் எதிர்கொண்ட அடுத்த சவால் நம்பிக்கையின்மை. கண்ணால் காணாத பொருளுக்கு முன்கூட்டியே பணம் செலுத்தப் பெரும்பாலானோர் தயாராக இல்லை. கடன் அட்டை வைத்திருந்தவர்களின் எண்ணிக்கையும் குறைவாகவே இருந்தது.

இந்நிலையில், பொருளைப் பெற்றுக்கொண்ட பின் வீட்டு வாசலிலேயே ரொக்கம் செலுத்தும் முறையை ஃபிளிப்கார்ட் 2010-இல் அறிமுகம் செய்தது. இந்தியாவில் இணையவழி வணிகத்தைப் பெருநகரங்களுக்கு அப்பால் கொண்டு சென்றதில் இம்முறைக்கு முக்கியப் பங்கு உண்டு. எனினும், அது செலவில்லாத ஏற்பாடு அன்று. பொருள் சென்று சேரும் வரை பணம் கைக்கு வராது. வாடிக்கையாளர் மனம் மாறினால், போக வரச் செலவு இரண்டும் நிறுவனத்தையே சாரும். வசூலான ரொக்கத்தை எண்ணி, வங்கியில் செலுத்துவதற்கும் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. கூரியர் நிறுவனங்களை மட்டும் நம்பியிருக்க இயலாததால், சொந்தப் பொருள் விநியோகக் கட்டமைப்பையும் ஃபிளிப்கார்ட் உருவாக்க வேண்டியதாயிற்று.

2016-ஆம் ஆண்டு இந்தச் சூழலைப் பெருமளவில் மாற்றியது. அவ்வாண்டு ஏப்ரலில் யுபிஐ பணப்பரிமாற்ற முறை அறிமுகமானது. செப்டம்பரில் ஜியோவின் வருகையால் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. நவம்பரில் உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டதால், மின்னணுப் பணப்பரிமாற்றத்துக்கு மக்கள் மாற நேரிட்டது. 2023 ஆகஸ்டில் முதன்முறையாக மாதம் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைக் கடந்த யுபிஐ, சரியாக ஈராண்டுகளில், 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைக் கடந்தது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முந்தைய தலைமுறை நிறுவனர்கள் தங்கள் செலவில் உருவாக்க வேண்டியிருந்த பணம் செலுத்தும் கட்டமைப்பு, இன்றைய நிறுவனர்களுக்குப் பொதுக் கட்டமைப்பாகவே கிடைக்கிறது. அதேவேளையில், 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிவர்த்தனைகளுக்கு வணிகர்களிடம் கட்டணம் வசூலிக்க அனுமதி இல்லாததால், பணப்பரிமாற்றத்தை மட்டுமே நம்பிய நிறுவனங்கள் வருவாய்க்கு வேறு வழி தேட வேண்டியுள்ளது. ஒரு நிறுவனத்துக்குப் பாதையமைத்துத் தரும் அதே ஏற்பாடு, மற்றொரு நிறுவனத்தின் வருவாய் வாய்ப்பை அடைத்துவிடுகிறது.

ஓர் ஆர்டரின் கணக்கு

இணையவழி நிறுவனங்களின் வெற்றி தோல்வியைப் புரிந்துகொள்ளப் பெரிய எண்கள் தேவையில்லை; ஒரே ஓர் ஆர்டரின் கணக்குப் போதும். எடுத்துக்காட்டாக, ஒருவர் 400 ரூபாய்க்கு உணவு ஆர்டர் செய்கிறார் என வைத்துக்கொள்வோம். உணவகத்திடமிருந்து நிறுவனத்துக்கு 20 சதவீதத் தரகுத்தொகையாக 80 ரூபாய் கிடைக்கிறது. உணவைக் கொண்டு சேர்ப்பவருக்கு 50 ரூபாயும், பணப்பரிமாற்றம், வாடிக்கையாளர் சேவை ஆகியவற்றுக்கு 15 ரூபாயும் செலவாகின்றன. மிஞ்சுவது 15 ரூபாய். இந்நிலையில், போட்டியைச் சமாளிக்க 60 ரூபாய் தள்ளுபடி வழங்கினால், அந்த ஆர்டரில் 45 ரூபாய் இழப்பு ஏற்படும்.

இத்தகைய ஆர்டர்கள் பெருகப் பெருக இழப்பும் பெருகும். அப்படியிருந்தும் முதலீட்டாளர்கள் பணம் வழங்குவதற்குக் காரணம், சந்தையில் முதலிடம் பிடிப்பவருக்கே பெரும்பங்கு கிடைக்கும் என்ற கணிப்புதான். வாடிக்கையாளர் அதிகமானால் உணவகங்கள் அதிகம் சேரும். உணவகங்கள் அதிகமானால் வாடிக்கையாளர்கள் மேலும் பெருகுவர். போட்டியாளர்கள் களத்தைவிட்டு வெளியேறிய பின்னர், தள்ளுபடியைக் குறைத்துக் கட்டணத்தை உயர்த்திக் கொள்ளலாம் என்பதே இதன் அடிப்படை.

இந்தக் கணிப்பு சில நேரங்களில் பலிப்பதும் உண்டு. 2021 ஜூலையில் 9,375 கோடி ரூபாய்க்குப் பொதுப் பங்குகளை வெளியிட்ட ஸொமாட்டோ, 2023 ஏப்ரல்–ஜூன் காலாண்டில்தான் முதன்முறையாக ஒட்டுமொத்த அளவில் லாபம் ஈட்டியது. அந்த லாபம் வெறும் 2 கோடி ரூபாய். அதை எட்ட, தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. அதுவரை அந்நிறுவனத்தைத் தாங்கி நின்றது முதலீட்டாளர்களின் பணமே.

எனவே, இத்தகைய நிறுவனங்களுக்குப் பணவரத்து நிற்பது வணிகம் குறைவதைவிடப் பெரிய ஆபத்தாகும். உலகெங்கும் வட்டி விகிதங்கள் மிகக் குறைவாக இருந்த 2021-இல் மட்டும், 100 கோடி டாலர் மதிப்பை எட்டி ‘யூனிகார்ன்’ தகுதி பெற்ற இந்திய நிறுவனங்கள் 40-க்கும் அதிகம். வட்டி விகிதங்கள் உயர்ந்த பின்னர், 2023-இல் அத்தகுதியை எட்டியவை இரண்டு மட்டுமே. இந்தியாவின் நுகர்வோர் எண்ணிக்கையோ தேவையோ அந்த இரண்டு ஆண்டுகளில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடவில்லை. மாறியது பணத்தின் விலைதான்.

பங்குச்சந்தையில் சிறு முதலீட்டாளர்களும் இதன் தாக்கத்தை உணர்ந்தனர். 2021 நவம்பரில் 18,300 கோடி ரூபாய் திரட்டிய பேடிஎம் நிறுவனத்தின் பங்கு, 2,150 ரூபாய்க்கு வெளியிடப்பட்டு, பட்டியலிடப்பட்ட முதல் நாளிலேயே சுமார் 27 சதவீதம் சரிந்தது. தனியார் முதலீட்டாளர்கள் தங்களுக்குள் நிர்ணயித்துக் கொண்ட மதிப்பைப் பொதுச்சந்தை ஏற்க மறுத்த நாளாக அது அமைந்தது.

வாடிக்கையாளர் பணத்தில் வளர்ந்தவை

வெளி முதலீடு இன்றியும் இணையவழி நிறுவனத்தைக் கட்டியெழுப்ப முடியும் என்பதற்கும் இந்தியாவில் வலுவான சான்றுகள் உள்ளன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம், 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்டது முதல் துணிகர முதலீட்டு நிறுவனங்களின் பணத்தைச் சார்ந்திராமல் வளர்ந்துள்ளது. தனக்குத் தேவையான பணியாளர்களை உருவாக்க 2005 முதல் சொந்தப் பயிற்சிப் பள்ளியை நடத்தி வரும் அந்நிறுவனம், தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறை கிராமத்திலும் அலுவலகம் அமைத்தது. முதலீட்டாளருக்குக் குறிப்பிட்ட ஆண்டுக்குள் லாபத்துடன் பணத்தைத் திருப்பித் தரவேண்டிய நெருக்கடி இல்லாததே, இத்தகைய நீண்டகால முடிவுகளை எடுக்க அதற்கு வழிவகுத்தது.

நிதின் காமத், நிகில் காமத் சகோதரர்கள் 2010-இல் பெங்களூருவில் தொடங்கிய பங்குத்தரகு நிறுவனமான ஸெரோதாவும் வெளி முதலீட்டைப் பெறவில்லை. பரிவர்த்தனையின் மதிப்பில் சதவீத அடிப்படையில் தரகு வசூலிக்கப்பட்டு வந்த துறையில், ஓர் ஆர்டருக்கு அதிகபட்சம் 20 ரூபாய் என்ற நிலையான கட்டணத்தை அது கொண்டு வந்தது. 2023–24 நிதியாண்டில் அதன் லாபம் சுமார் 4,700 கோடி ரூபாய்.

எனினும், இப்பாதை அனைவருக்கும் பொருந்தும் எனக் கருத இயலாது. மென்பொருளையோ பங்குத்தரகுச் சேவையையோ ஒருமுறை உருவாக்கிவிட்டால், அடுத்த வாடிக்கையாளருக்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. கிடங்குகள், வாகனங்கள், விநியோக ஊழியர்கள் தேவைப்படும் தொழிலில், வருவாய் வருவதற்கு முன்பே பெரும்பணம் செலவிட வேண்டும். மேலும், வெளி முதலீட்டிலிருந்து விடுபட்ட நிறுவனமும் அரசின் விதிகளிலிருந்து விடுபடுவதில்லை. பங்குச்சந்தைக் கட்டணங்கள், முன்பேர வணிகம் ஆகியவை தொடர்பாக செபி 2024-இல் கொண்டு வந்த மாற்றங்கள், ஸெரோதா உள்ளிட்ட தரகு நிறுவனங்களின் வருவாயைப் பாதித்தன.

இவ்விரு பாதைகளுக்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. ஸோஹோவில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க் நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர், ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு கல்லூரி. வெளி முதலீட்டைப் பெற்றபோதிலும், வெளிநாட்டு நிறுவனங்களிடம் மாதச் சந்தா பெறும் மென்பொருள் சேவை என்பதால், அதன் வருவாய் தள்ளுபடியைச் சார்ந்ததாக அமையவில்லை. ஃபிரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்நிறுவனம், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டபோது, பங்குகளை வைத்திருந்த நூற்றுக்கணக்கான ஊழியர்கள் கோடீஸ்வரர்களாயினர்.

பைஜூஸ் உணர்த்தும் பாடம்

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஆசிரியரான பைஜூ ரவீந்திரன், நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்புகளின் மூலம் புகழ்பெற்று, 2015-இல் கற்றல் செயலியை அறிமுகம் செய்தார். கரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையவழிக் கல்விக்கான தேவை திடீரென உயர்ந்தது. அந்தத் தேவை நிரந்தரமானது என்ற கணிப்பில் அந்நிறுவனம் விரிவடைந்தது. வைட்ஹாட் ஜூனியர் நிறுவனத்தை 2020-இல் சுமார் 30 கோடி டாலருக்கும், ஆகாஷ் பயிற்சி நிறுவனத்தை 2021-இல் ஏறத்தாழ 100 கோடி டாலருக்கும் கையகப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் வெளிநாட்டுச் சந்தையில் 120 கோடி டாலர் கடனும் பெற்றது.

பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டதும் தேவை குறைந்தது, கடன் குறையவில்லை. 2020–21 நிதியாண்டுக்கான கணக்கறிக்கை ஓராண்டுக்கும் மேல் தாமதமாக வெளியானபோது, 4,588 கோடி ரூபாய் இழப்பு தெரியவந்தது. 2023 ஜூனில் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் விலகியது. முதலீட்டாளர்களின் பிரதிநிதிகளாக இருந்த மூன்று இயக்குநர்களும் வெளியேறினர். 2024 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு திவால் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. நிறுவனத்தின் மீதான முறைகேட்டுப் புகார்களை நிறுவனர் தொடர்ந்து மறுத்து வருகிறார்.

இந்த வீழ்ச்சியில் முதலீட்டாளர்கள் இழந்தது அவர்களது செல்வத்தின் ஒரு பகுதியை மட்டுமே. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையிழந்தனர். இணையவழிக் கல்வி நிறுவனங்களின் ‘இலவச’ அறிவிப்புகள், தானாகவே பணம் எடுக்கப்படும் ஏற்பாடு, கடன் ஒப்பந்தம் ஆகியவை குறித்துப் பெற்றோர் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும் என மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே அறிவுறுத்தியிருந்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. மதிப்பீடு உயர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, வளர்ச்சியின் சுமை நடுத்தரக் குடும்பங்களின் தலையில் இறங்கத் தொடங்கிவிட்டது என்பதையே அந்த அறிவுறுத்தல் காட்டுகிறது.

பத்து நிமிடங்களின் விலை

இணையவழி வணிகத்தின் தற்போதைய போட்டி, மளிகைப் பொருள்களைச் சில நிமிடங்களில் வீட்டில் சேர்ப்பதில் மையம் கொண்டுள்ளது. ஸ்விக்கியின் இன்ஸ்டாமார்ட், 2022-இல் ஸொமாட்டோ கையகப்படுத்திய பிளிங்கிட், 2021-இல் தொடங்கப்பட்ட ஸெப்டோ ஆகியவை இதில் முன்னணியில் உள்ளன. குடியிருப்புப் பகுதிகளுக்கு அருகிலேயே, வாடிக்கையாளர் நுழையாத சிறு கிடங்குகளை அமைத்து, அங்கிருந்து பொருள்களை அனுப்புவதே இவற்றின் செயல்முறை. ஒரு கிடங்கிலிருந்து நாள்தோறும் போதிய எண்ணிக்கையில் ஆர்டர்கள் சென்றால் மட்டுமே, அதன் வாடகையும் ஊதியமும் ஈடுகட்டப்படும். ஆகவே, ஆர்டர்களின் எண்ணிக்கையை விரைந்து உயர்த்த வேண்டிய நெருக்கடி தொடர்கிறது.

அந்த நெருக்கடியின் கடைசிக் கண்ணியாக இருப்பவர்கள், இருசக்கர வாகனத்தில் பொருளைக் கொண்டு சேர்க்கும் தொழிலாளர்கள். 2020–21-இல் 77 லட்சமாக இருந்த இத்தகைய செயலிவழி மற்றும் தற்காலிகத் தொழிலாளர்களின் எண்ணிக்கை, 2029–30-இல் 2.35 கோடியாக உயரும் என நீதி ஆயோக் 2022-இல் மதிப்பிட்டது. நிறுவனங்களின் ஆவணங்களில் இவர்கள் ‘கூட்டாளிகள்’, ஊழியர்கள் அல்லர். எனவே, வருங்கால வைப்பு நிதி உள்ளிட்ட வழக்கமான பாதுகாப்புகள் இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இந்நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நல நிதிக்கு வழங்க வகை செய்கிறது. தொழிலாளர்களுக்கு வழங்கப்படும் தொகையில் 5 சதவீதம் என்ற உச்சவரம்பும் அதற்கு உண்டு. மேலே கண்ட 400 ரூபாய் ஆர்டரின் கணக்கில், கொண்டு சேர்ப்பவருக்குரிய 50 ரூபாயில் 5 சதவீதம் என்பது இரண்டரை ரூபாய். தள்ளுபடிக்கு 60 ரூபாயை ஒதுக்க முடிந்த ஒரு தொழிலால், இத்தொகையைச் சுமக்க முடியாது என்ற வாதத்தை ஏற்பது கடினம்.

விதிகளும் தொழிலும்

2016 ஜனவரியில் ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ திட்டம் தொடங்கப்பட்ட பின்னர், மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனங்களின் எண்ணிக்கை, 2025 ஜனவரியில் ஒன்றரை லட்சத்தைக் கடந்தது. 2012-இல் விதிக்கப்பட்டு, தொடக்கநிலை நிறுவனங்களுக்குச் சுமையாகக் கருதப்பட்ட ‘ஏஞ்சல்’ வரியை நீக்கும் அறிவிப்பும் 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் வெளியானது.

ஊக்குவிப்புடன் கட்டுப்பாடுகளும் வந்துள்ளன. அந்நிய முதலீடு பெற்ற மின்வணிக நிறுவனம், பொருள்களைத் தானே இருப்பு வைத்து நுகர்வோருக்கு விற்க அனுமதியில்லை. விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் சந்தையாக மட்டுமே அது செயல்படலாம். 2019 பிப்ரவரியில் இவ்விதிகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. 2024 ஜனவரி 31 அன்று, விதிமீறல்களைச் சுட்டிக்காட்டி, பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி புதிய வைப்புத்தொகைகளை ஏற்கத் தடை விதித்து ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. முதலில் வளர்ந்துவிட்டு, விதிகளைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற அணுகுமுறைக்கு, குறிப்பாகப் பொதுமக்களின் பணம் புழங்கும் துறையில், இனி இடமில்லை என்பதையே இந்நடவடிக்கை உணர்த்தியது.

அளவுகோல் எது?

புத்தொழில் நிறுவனங்களின் வெற்றியை அவை திரட்டிய முதலீட்டைக் கொண்டு அளவிடும் வழக்கம் இன்னும் மாறவில்லை. உண்மையில், முதலீடு என்பது வெற்றிக்கான சான்று அன்று. பின்னாளில் நிறைவேற்ற வேண்டிய ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதி பொய்த்துப்போகும்போது, நிறுவனர்கள் அடுத்த தொழிலைத் தொடங்கலாம். முதலீட்டாளர்கள் அடுத்த நிறுவனத்தைத் தேடலாம். ஊதிய நிலுவையுடன் நிற்கும் ஊழியருக்கும், பாதியில் நின்றுபோன வகுப்புக்குத் தவணை செலுத்தும் பெற்றோருக்கும் அத்தகைய வாய்ப்பு இல்லை.

மகபூப்நகரிலிருந்து வந்த ஓர் ஆர்டருக்காகப் பெங்களூருவின் கடைகளில் தேடியலைந்த நிறுவனர்களுக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான்: பணம் செலுத்தியவருக்குப் பொருள் போய்ச் சேர வேண்டும். பல்லாயிரம் கோடி ரூபாய் மதிப்பை எட்டிய பின்னரும் ஒரு நிறுவனம் நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது, அந்த எளிய கணக்கை அது மறக்காமல் இருப்பதே ஆகும்.